அத்தியாயம் 6: பூச்சு மருந்துக்கும் அளவு உண்டு

மாத்திரை வாங்கினால், "எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொள்ளாமல் மருந்துக்கடைப் படி இறங்க மாட்டோம். களிம்பு வாங்கும்போது இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. "அரிக்கிற இடத்துல தடவுங்க" என்ற ஒற்றை வரியோடு டியூப் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அரிப்பு அடங்கிய அன்றே மூடி வைக்கிறோம். சில மாதம் கழித்து வீட்டில் வேறொருவர், வேறொரு தொல்லைக்கு, அதே டியூபை எடுத்துப் பிதுக்குகிறார்.

தோலில் பூசுவதும் மருந்துதான். அதற்கும் அளவு, வேளை, கால அளவு, ஆகாத இடம், ஆகாத ஆள் எல்லாம் உண்டு. சரியான மருந்து கையில் இருந்தும் நோய் தீராமல் இழுத்தடிப்பதற்குப் பல சமயம் பூசும் முறையே காரணம். ஆகவே டியூபைத் திறக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: என்ன மருந்து? எந்த இடத்தில்? எவ்வளவு? எத்தனை நாள்? இந்த அத்தியாயம் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

மருந்து தோலுக்குள் எப்படி இறங்குகிறது

தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து, இடையே கொழுப்பு நிரம்பிய ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. உடலின் பெரும்பாலான இடங்களில் அது சமையலறைப் பிளாஸ்டிக் தாளைவிடத் தடிமனானதல்ல. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதும், உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பதும் அந்தப் படலத்தின் வேலை. நாம் பூசும் மருந்து அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி வழிவிடாது. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்தை உடலின் பல இடங்களில் பூசி அளந்து, 1967-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்கையில் உறிஞ்சப்படும் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் அது ஏழில் ஒரு பங்குதான். நெற்றியில் 6 மடங்கு, தாடையோரத்தில் 13 மடங்கு, விதைப்பையின் தோலில் 42 மடங்கு. குதிகாலுக்குக் கொடுத்த களிம்பை முகத்திலோ மறைவிடத்திலோ பூசக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வேறு சிலவும் உறிஞ்சுதலைக் கூட்டும். ஈரத்தில் ஊறிய தோல், வெடித்த தோல், சொறிந்து புண்ணான தோல் ஆகியவை மருந்தை அதிகம் உள்ளே விடும். மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி மூடினால் உறிஞ்சுதல் 10 மடங்கு வரை ஏறலாம். குழந்தைக்குக் கட்டும் டயப்பரும் அப்படி மூடும் உறைதான். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி மடிப்பு ஆகிய இடங்களில் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் உறை இல்லாமலே அந்த விளைவு வந்துவிடும். கைக்குழந்தைக்கு எடைக்கு ஏற்ற தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால், அதே அளவு மருந்து அதன் இரத்தத்தில் கூடுதலாகக் கலக்கும்.

கிரீமா, ஆயின்மென்டா, ஜெல்லா?

ஒரே மருந்து பல வடிவங்களில் வருகிறது. வடிவத்தைத் தேர்வதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

*ஆயின்மென்ட்:* எண்ணெய்ப் பசை நிறைந்தது. வறண்டு, தடித்து, வெடித்த தோலுக்கு ஏற்றது. ஈரத்தைப் பூட்டி வைப்பதால் மருந்தும் நன்றாக இறங்கும். வியர்க்கும் இடுக்குகளுக்கும் முடி அடர்ந்த இடங்களுக்கும் உகந்ததல்ல.

*கிரீம்:* எண்ணெயும் நீரும் கலந்தது. துணியில் அதிகம் ஒட்டாது. முகம், இடுக்குகள், நீர் கசியும் தோல் என்று பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

*ஜெல்:* பிசுபிசுப்பு இல்லாதது. முகப்பரு உள்ளவர்களுக்கும் எண்ணெய் வடியும் தோலுக்கும் நல்லது. வெடிப்பில் பட்டால் எரியும்.

*லோஷன், சொல்யூஷன்:* நீர்த்தவை. தலைக்கும் முடி நிறைந்த மார்புக்கும் ஏற்றவை. தலையில் பூசும்போது வகிடு வகிடாகப் பிரித்து, மருந்து முடியில் அல்லாமல் தோலில் படும்படி விட வேண்டும்.

*பவுடர்:* இடுக்குகளை உலர்வாக வைத்திருக்க உதவும். படர்தாமரைக்குப் பவுடர் மட்டும் போட்டு ஆற்றிவிட முடியாது.

கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் வேலை செய்கிறவருக்குத் தொடையிடுக்கில் ஆயின்மென்ட் எழுதித் தந்திருந்தால், கிரீமாக மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிசுக்கு பிடிக்காமல் மருந்தையே கைவிடுவதைவிட அது மேல்.

டியூபில் இருப்பதை வாசியுங்கள்

வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். 1% என்றால் 100 கிராம் களிம்பில் 1 கிராம் மருந்து. ஆனால் வெவ்வேறு மருந்துகளின் சதவீதங்களை வைத்து வீரியத்தை ஒப்பிடக் கூடாது. 0.05% குளோபெட்டசால், 1% ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல மடங்கு வலிமையானது.

கவனித்துப் பார்க்க வேண்டியது ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், டெக்ஸாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன், ஃப்ளுவோசினோலோன், ட்ரையாம்சினோலோன், ஹைட்ரோகார்டிசோன் ஆகியவை எல்லாமே ஸ்டீராய்டுகள். பெயர் 'சோன்', 'லோன்' என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். குளோபெட்டசால் போல அந்த முடிவு இல்லாதவையும் உண்டு.

ஒரே டியூபில் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அவற்றோடு வீரியமான ஒரு ஸ்டீராய்டு என்ற கலவைகள் கடைகளில் ஏராளம். எது வந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும் என்ற நம்பிக்கையில் வாங்கப்படுபவை இவை.

14 ஸ்டீராய்டுகளின் பூச்சு வடிவங்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. ஆகவே கடையில், "அண்ணே, படர்தாமரைக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று நிறுத்திவிடாமல், "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" என்றும் கேளுங்கள். இருக்கிறது என்றால் மருத்துவரைப் பார்த்த பிறகு வாங்கலாம்.

உள்ளடக்கம் அச்சிடாத டப்பாவில் வரும் "சிகப்பழகு" கிரீமை வாங்கவே வேண்டாம். அத்தகையவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எவ்வளவு பூசுவது: விரல்நுனிக் கணக்கு

"மெல்லிசா தடவுங்க" என்றால் ஒருவர் கடுகளவு எடுப்பார், இன்னொருவர் கரண்டியளவு எடுப்பார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க லாங், ஃபின்லே என்ற இரு பிரிட்டன் மருத்துவர்கள் 1991-ல் ஓர் எளிய அளவைத் தந்தார்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு ரேகை வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு. டியூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், ஆணின் விரலில் அது ஏறக்குறைய அரை கிராம், பெண்ணின் விரலில் அதைவிடச் சற்றுக் குறைவு.

ஒரு விரல்நுனி மருந்து, விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். நோய் இருக்கும் இடத்தின்மேல் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். எத்தனை கை பிடிக்கிறதோ அதில் பாதி எண்ணிக்கை விரல்நுனிகள் தேவை.

பெரியவர்களுக்கு, ஒரு வேளைக்கு:

- முகமும் கழுத்தும்: 2½ விரல்நுனி
- ஒரு கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை: 3
- ஒரு உள்ளங்கையும் புறங்கையும்: 1
- மார்பும் வயிறும்: 7
- முதுகும் பிட்டமும்: 7
- ஒரு கால், தொடையிலிருந்து கணுக்கால் வரை: 6
- ஒரு பாதம்: 2

உடல் முழுவதும் கூட்டினால் ஏறக்குறைய 40 விரல்நுனி, அதாவது 20 கிராம் வரும்.

குழந்தைகளுக்கும் பெரியவர் விரலால்தான் அளக்க வேண்டும். 3 முதல் 6 மாதக் குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் 1, ஒரு கை முழுவதற்கும் 1, ஒரு கால் முழுவதற்கும் 1½, மார்புக்கும் வயிற்றுக்கும் 1, முதுகுக்கும் பிட்டத்துக்கும் 1½. 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு அதே வரிசையில் 1½, 2, 3, 3, 3½.

இந்தக் கணக்கு ஸ்டீராய்டுக்கென்று உருவானது. பூஞ்சைக் களிம்புக்கும் இதை வைத்துக்கொள்ளலாம். தோல் வறட்சிக்குப் பூசும் மாய்ஸ்சரைசருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதைத் தாராளமாகப் பூச வேண்டும். உடல் முழுக்க எக்ஸிமா உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 500 கிராம் வரைகூடத் தேவைப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு இரு தொடையிடுக்கிலும் படர்தாமரை. நோய் பரவிய இடத்தையும் அதைச் சுற்றிப் பூச வேண்டிய இடத்தையும் சேர்த்தால் நான்கு கைப் பரப்பு. ஒரு வேளைக்கு இரண்டு விரல்நுனி, அதாவது 1 கிராம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் 2 கிராம். 15 கிராம் டியூப் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நான்கு வாரத்துக்கு நான்கு டியூப் வேண்டும். நாளுக்கு ஒரு வேளை பூசும் மருந்தாக இருந்தால் இரண்டு. ஒரே டியூபை மாதக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு நோய் ஏன் விடவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதே மருந்து மலிவான பெயரில் கிடைக்கும், அரசு மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடும்.

பூசும் முறை, படிப்படியாக

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. நோயுள்ள இடத்தை வெதுவெதுப்பான அல்லது சாதாரண நீரில் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். கிருமிநாசினி திரவத்தை ஊற்றிக் கழுவும் வழக்கத்தை விடுங்கள், அது தோலை எரித்து நோயைக் கூட்டும்.

3. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கால்விரல் இடுக்கு, தொடையிடுக்கு, அக்குள் ஆகியவை முழுவதும் உலர இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். படர்தாமரையோ சேற்றுப்புண்ணோ இருந்தால் அந்த இடத்துக்குத் தனித் துண்டு வையுங்கள்.

4. முன்பு பூசிய களிம்பு, எண்ணெய், பவுடர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எண்ணெய்க் குளியல் நாளில், குளித்து எண்ணெய்ப் பசை போன பிறகு மருந்து பூசுங்கள்.

5. விரல்நுனிக் கணக்கில் மருந்தை எடுத்து, புள்ளி புள்ளியாக வைத்து, முடி வளரும் திசையில் மெல்லப் பரப்புங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்களில் கொப்புளம் வரலாம்.

6. பூஞ்சை நோய்க்கு, கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை பூசுங்கள். வெளியிலிருந்து உள்நோக்கி வாருங்கள். பூஞ்சை அந்த விளிம்பில்தான் பரவிக்கொண்டிருக்கும்.

7. மாய்ஸ்சரைசரும் மருந்தும் பூச வேண்டியிருந்தால் இடையில் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஒன்றோடொன்று குழைத்தால் மருந்து நீர்த்துவிடும், வேண்டாத இடத்துக்கும் பரவும்.

8. மருந்து தோலில் படிந்த பிறகு ஆடை அணியுங்கள். மருத்துவர் சொல்லாமல் கட்டுப் போடவோ பிளாஸ்டிக் சுற்றவோ கூடாது.

9. மறுபடி கை கழுவுங்கள். கையிலேயே நோய் என்றால் மட்டும் கழுவ வேண்டாம். கண்ணில் விரல் வைக்காதீர்கள்.

10. புது மருந்து ஒத்துக்கொள்ளுமா என்ற ஐயம் இருந்தால், முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு இரண்டு மூன்று நாள் பூசிப் பாருங்கள். சிவந்து, அரித்து, கொப்பளித்தால் நிறுத்திவிடுங்கள். நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு ஒவ்வாமை தரும்.

பாலூட்டும் தாய் மார்பில் மருந்து பூசியிருந்தால், பால் கொடுக்கும் முன் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் ட்ரெட்டினாயின், அடாபலீன் கலந்த முகப்பரு மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

எத்தனை நாள்?

அரிப்பு நிற்பது வேறு, நோய் தீர்வது வேறு. ஒவ்வொரு நோய்க்கும் முடிவுக்கோடு வேறு இடத்தில் இருக்கிறது.

*படர்தாமரை:* நான்கைந்து நாளில் அரிப்பு குறையும், பூஞ்சை அங்கேயே இருக்கும். தோல் பழையபடி ஆன பிறகும் 2 வாரம் தொடருங்கள். உள்ளாடையைத் தினமும் மாற்றி, துவைத்து, வெயிலில் காய வையுங்கள். இறுக்கமான ஜீன்ஸை ஒதுக்கி வேட்டி, பருத்திப் பாவாடை என்று காற்றோட்டமாக உடுத்துங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்யுங்கள். பல இடங்களில் பரவியிருந்தால் களிம்பு மட்டும் போதாது, மருத்துவர் மாத்திரையும் தருவார்.

*சிரங்கு:* இது தோலுக்குள் குடையும் நுண்ணிய பூச்சியால் வருவது. அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் பயன் இல்லை. 5% பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை ஓர் அங்குலம் விடாமல், விரலிடுக்கு, தொப்புள், மறைவிடம், நகத்தடி உட்பட, இரவில் பூசுங்கள். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் பூச வேண்டியிருக்கும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கூடாது. 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூசுங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் வரை பிடிக்கும். அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை. துணி, போர்வை, தலையணை உறையைச் சுடுநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம். அதற்கு அஞ்சித் தினமும் மருந்து பூசாதீர்கள்.

*எக்ஸிமா, கரப்பான்:* தோல் சிவந்து அரிக்கும் நாள்களில் மருத்துவர் தந்த ஸ்டீராய்டு, அடங்கிய பிறகு மாய்ஸ்சரைசர். மாய்ஸ்சரைசரை ஆண்டு முழுவதும் விடக் கூடாது. பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்படியிலும் விளக்கருகிலும் அதோடு நிற்காதீர்கள்.

*தேமல்:* பூஞ்சை செத்த பிறகும் வெளுத்த நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். நிறம் வரவில்லையே என்று புதுப்புதுக் களிம்பு தேட வேண்டாம்.

*முகப்பரு:* பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பருவின் தலையில் மட்டும் வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லப் பூசுங்கள். முதல் வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் எரிச்சல் குறையும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கச் செய்யும். வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள்.

*கால் ஆணி, மரு:* சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். சுற்றிலும் வாஸ்லின் தடவிவிட்டு நடுவில் மட்டும் வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாமாகத் தொடவே கூடாது.

ஸ்டீராய்டு: அருமருந்தும் ஆபத்தும்

1952-ல் மேரியன் சுல்ஸ்பெர்கர், விக்டர் விட்டன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டார்கள். தோல் வைத்தியமே அதன் பிறகு மாறியது. இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்ட குழந்தைகளுக்கு அது நிம்மதி தந்தது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பயந்து, எக்ஸிமாவுக்கு மருத்துவர் எழுதித் தந்ததைக் கைவிடுவதும் தவறுதான். உரிய நோய்க்கு, உரிய வீரியத்தில், சொன்ன நாள் மட்டும் பூசினால் அது பாதுகாப்பானது.

ஆபத்து எங்கே வருகிறது? ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பு வினையை அடக்குகிறது. படர்தாமரையில் அரிப்பும் சிவப்பும் அந்த எதிர்ப்பால் வருபவை. ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசியதும் இரண்டும் மறைகின்றன. தடுப்பார் இல்லாத பூஞ்சை அமைதியாகப் பரவுகிறது. நிறுத்தினால் அரிப்பு முன்பைவிட மூர்க்கமாகத் திரும்புகிறது. மறுபடி அதே டியூபை எடுக்கிறோம். வளையம் வளையமாக இருந்த நோய் உருக்குலைந்து, மருத்துவரே அடையாளம் காணத் திணறும் நிலைக்குப் போகிறது. இப்படி உருமாறிய படர்தாமரைக்கு 1968-லேயே மருத்துவ இதழில் தனிப் பெயர் சூட்டப்பட்டது.

இன்று இந்தியாவில் நிலைமை இன்னும் கடினமாகியிருக்கிறது. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் படர்தாமரைப் பூஞ்சை ஒன்றுக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பல ஆண்டுகளாக நம்பியிருந்த டெர்பினாஃபின் மருந்துக்கு அதன் பல வகைகள் கட்டுப்படுவதில்லை. படர்தாமரைதானே என்று கடைக் களிம்போடு மாதங்களைக் கழிக்கக் கூடாத காலம் இது.

முகம் இன்னொரு பெரிய கவலை. இந்தியாவில் பல மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தோல் சிக்கலோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரியவந்தது. நிறம் கூடும் என்று தொடங்கியவர்கள், தோழி சொல்லி வாங்கியவர்கள், பழைய சீட்டையே காட்டி வாங்கியவர்கள் இப்படித்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, நுண்குழாய்கள் சிவப்பாகத் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். வெயில் பட்டால் எரியும். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து காந்தும், அந்தக் காந்தல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். இமையைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரலாம். தொடையிடுக்கில் வரிவரியாகத் தோல் கிழிந்தால் அந்தத் தழும்பு மறையாது.

இப்போது அப்படிப்பட்ட கிரீமை முகத்தில் பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க அவருக்கு வழி தெரியும். குளோபெட்டசால் போன்ற மிக வீரியமான மருந்துக்கு எல்லை: தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. முகத்திலும் இடுக்கிலும் மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

வீட்டில் இருக்கும் தைலமும் பச்சிலையும்

தைலம், பாம் ஆகியவற்றிலும் மருந்துச் சரக்கு உண்டு. கற்பூரம் கலந்த எதையும் 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ பூசக் கூடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். விண்டர்கிரீன் தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. தூய தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இத்தகைய தைலத்தை உடலெங்கும் தேய்த்தால் இரத்தக் கசிவு நேரலாம்.

மூட்டு வலிக்கான டிக்ளோஃபினாக் ஜெல்லைப் புண்ணின்மேல் பூசக் கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். வலி மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. அதைப் பூசிவந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். களிம்பும் பச்சிலையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மட்டும் வேண்டாம், எது கேட்டது, எது ஒவ்வவில்லை என்று தெரியாமல் போய்விடும். பச்சைப் பூண்டு, எருக்கம்பால், சுண்ணாம்பு மூன்றையும் தோல் நோயின்மேல் வைக்கவே கூடாது. தோல் வெந்துவிடும்.

பத்திரப்படுத்துதல்

பெட்டியில் குறித்த வெப்பநிலைக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜன்னலோரமும் வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும் ஆகாது. காலாவதித் தேதி, திறக்காத டியூபுக்குத்தான் பொருந்தும், ஆகவே திறந்த நாளை டியூபின்மேல் எழுதுங்கள். நிறம், மணம், குழைவு மாறினால் எறிந்துவிடுங்கள். டப்பாவில் வரும் களிம்பை விரல் விட்டு எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். மீந்த ஸ்டீராய்டு டியூபை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

- சிவப்பு வேகமாகப் பரவி, சூடும் வலியும் காய்ச்சலும் சேர்ந்தால்
- கண்ணைச் சுற்றி வீக்கம், கொப்புளம் வந்தால்
- உடலின் ஒரு பக்கமாக வலியோடு கொப்புளக் கொத்து கிளம்பினால். அக்கியாக இருக்கலாம், முதல் 3 நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது
- சர்க்கரை நோயாளியின் பாதத்தில் சிறு புண் என்றாலும்
- வெளுத்த அல்லது சிவந்த திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால். தொழுநோயாக இருக்கலாம், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு மருந்தும் இலவசம், முற்றிலும் குணமாகும்
- மருந்து பூசியபின் முகம், உதடு வீங்கி மூச்சுத் திணறினால். உடனே அவசர சிகிச்சைக்கு
- சரியாகப் பூசியும் 2 வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் (முகப்பரு, தேமல் நீங்கலாக)

மருத்துவரிடம் போகும் நாளில் அந்த இடத்தில் எதையும் பூசாதீர்கள். இதுவரை பயன்படுத்திய எல்லா டியூபையும், காலியானதையும், எடுத்துச் செல்லுங்கள்.

சீட்டு வாங்கும்போது கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

1. இந்த மருந்தின் பெயர் என்ன? இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?
2. சரியாக எந்த இடம்? எந்த இடத்தில் படக் கூடாது?
3. ஒரு வேளைக்கு எத்தனை விரல்நுனி? நாளுக்கு எத்தனை வேளை?
4. எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? திடீரென்று நிறுத்தலாமா, குறைத்துக்கொண்டே வர வேண்டுமா?
5. அதுவரைக்கும் எத்தனை டியூப் வேண்டும்?

விடைகளை டியூபின் அட்டைப் பெட்டியிலேயே எழுதி, யாருக்காக வாங்கியது என்று அவர் பெயரையும் குறித்து வையுங்கள். நிறுத்த வேண்டிய தேதி வரை ஒரு வேளையும் தவற விடாதீர்கள், அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு வேளையும் கூட்டாதீர்கள்.